குளியலறைச் சுவரில் 2க்கு 4 அடி டைல்ஸ்: கலவையா, பசையா, எப்படி ஒட்டுவது?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: புதிதாகக் கட்டும் வீட்டின் குளியலறைச் சுவர்களுக்கு 2க்கு 4 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்கியாகிவிட்டது. வழக்கம்போல் கலவை வைத்து, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. பசையில்தான் ஒட்ட வேண்டும் என்கிறார் கடைக்காரர். செலவு கூடுகிறதே, அது தேவைதானா? அதே டைல்ஸை முகப்புச் சுவரில் மாடி உயரத்துக்கும் ஒட்டலாமா?

குளியலறைக்குப் பசை கட்டாயம் தேவை. அதற்கும் முன்பாகத் தேவைப்படுவது நேரான சுவர். சுவர் நேராக இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பசை வாங்கினாலும் அது டைலின் முதுகு முழுவதும் பிடிக்காது. பிடிக்காத இடம்தான் பிறகு பொக்கு (டைலுக்குப் பின்னால் வெற்றிடம்), விரிசல், கசிவு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். முகப்புச் சுவர் தனிக் கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொத்தனார்கள் பல காலமாகச் சிமெண்ட் பாலில் டைல்ஸ் ஒட்டி வந்திருக்கிறார்கள். அவை நின்றும் இருக்கின்றன. ஆனால் அவை 8க்கு 12, 10க்கு 15 அங்குலச் செராமிக் டைல்ஸ். சுவருக்கென்று செய்யப்படும் செராமிக் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் ஒட்டுவதற்கு முன் அதைத் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். உறிஞ்சும் அந்த நுண்துளைகளுக்குள் சிமெண்ட் பால் இறங்கி இறுகுவதால், செடி வேர் பிடிப்பது போல் டைல் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. விட்ரிஃபைடு டைலோ ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டுக் கண்ணாடித் தன்மை அடைந்தது. அதன் நீர் உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கு மேல் போகாது. சிமெண்ட் பால் உள்ளே போக வழியே இல்லை. எத்தனை மணி நேரம் ஊறப் போட்டாலும் பயனும் இல்லை. எடையையும் பாருங்கள். பழைய 8க்கு 12 அங்குல டைல் ஒன்று ஒரு கிலோவைத் தொடாது, 9 மி.மீ. தடிப்புள்ள 2க்கு 4 அடி விட்ரிஃபைடு டைல் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ இருக்கும்.

கலவையில் ஒட்டி ஓரிரு ஆண்டுகளில் கழன்று விழுந்த டைலைத் திருப்பிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். நான்கு மூலைகளிலும் நடுவிலும் கலவை உருண்டையாக அமுங்கிய ஐந்து வட்டங்கள் இருக்கும். அந்த இடங்களிலும் சிமெண்ட் சுவரோடு நின்றுவிட, டைலின் முதுகில் சாம்பல் நிறத் தடம் மட்டும் மிஞ்சியிருக்கும். மற்ற இடமெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தது போலவே இருக்கும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வரும். அது, சூளையின் உருளைகளில் டைல் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக முதுகில் தடவும் பூச்சின் மிச்சம். எதில் ஒட்டினாலும் அந்தப் பொடியை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பசையில் ஒட்டுபவர்களிலும் பலர் இதைச் செய்வதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி சுவர். கலவையில் ஒட்டும்போது சுவரின் கோணல்மாணலைக் கலவையின் தடிப்பே சரிசெய்துவிடும். ஓரிடத்தில் அரை அங்குலமும் இன்னோரிடத்தில் ஒன்றரை அங்குலமும் வைத்துக் கொத்தனார் மட்டம் கொண்டுவந்துவிடுவார். பசை வேலையில் அந்த வசதி கிடையாது. பசைப் படுகை 3 முதல் 6 மி.மீ. வரை இருப்பதே முறை. பள்ளத்தை நிரப்ப அதைத் தடிப்பாக வைத்தால், காயும்போது அது சுருங்கி டைலை உள்ளே இழுக்கும். நேற்று மட்டமாக இருந்த மூலை இன்று உள்வாங்கியிருக்கும். ஆகவே சுவர் நேராவது பூச்சு வேலையிலேயே முடிந்துவிட வேண்டும். புல்மார்க் (பூச்சின் தடிப்பைக் காட்டும் அடையாளக் கட்டிகள்) வைத்து, தூக்குக்குண்டு பிடித்து, மட்டக்கட்டையால் இழுத்துப் பூசச் சொல்லுங்கள். 15 அங்குலத்துக்கு மேல் பக்கமுள்ள டைல்களுக்கு அமெரிக்கத் தர விதி சொல்லும் அளவு, 10 அடி நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது, 2 அடிக்குள் ஒன்றரை மி.மீ.க்கு மேல் கூடாது என்பது. நம் குளியலறையில் 10 அடி கட்டை திரும்பாது. 6 அடி அலுமினியக் கட்டை ஒன்றைச் சுவரில் நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, கட்டைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். மேட்டைத் தேய்த்து எடுப்பதும் பள்ளத்தைப் பூசி நிரப்புவதும் அப்போதே நடக்க வேண்டும்.

பூச்சின் மேற்பரப்பை நைசாக வழிக்கக் கூடாது. பஞ்சால் துடைத்துச் சொரசொரப்பாக விட்டால் போதும். பட்டி, பெயிண்ட், ஜிப்சம் பூச்சு எதுவும் அதன் மேல் இருக்கக் கூடாது. குறிப்பாக ஜிப்சம் பூச்சு ஈரம் படும் இடத்தில் இளகிவிடும். அதன் மேல் 15 கிலோ டைலைத் தொங்கவிடுவது ஆபத்து. தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில், அல்லது தூணும் ஏஏசி பிளாக்கும் (நுண்குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கட்டி) சேரும் கோட்டில், சிக்கன் மெஷ் என்ற மெல்லிய கம்பி வலை வைத்துப் பூசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அங்கே விழும் விரிசல் டைலையும் பிளந்துவிடும். பூசிய சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்டிய பிறகு காய விடுங்கள். மொத்தம் நான்கு வாரம் கழித்து டைல் வேலை தொடங்குவது நல்லது. வீடு கட்டுபவருக்கு இந்தக் காத்திருப்பு மிகவும் கடினமானது என்று தெரியும். ஆனால் புதுப் பூச்சு சுருங்கி முடியும் வரை பொறுப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

பிளம்பரிடம் இப்போதே பேசிவிடுங்கள். கலவை வைத்து ஒட்டும் கணக்கில் பூச்சுக்கு மேல் ஓர் அங்குலத்துக்கும் கூடுதலாகத் தடிப்பு வரும் என்று நினைத்து, சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரை (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு) அவர் முன்தள்ளி வைத்திருப்பார். பசையில் டைலும் பசையும் சேர்ந்து 15 மி.மீ. அளவுக்குத்தான் வரும். அந்த வித்தியாசத்தில் டைவர்ட்டரின் மூடித்தட்டு சுவரோடு படியாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டைல் ஒட்டிய பிறகு அதை உள்ளே தள்ள முடியாது. டைவர்ட்டரின் உடலிலேயே குறைந்தபட்ச, அதிகபட்ச ஆழத்துக்கான கோடுகள் இருக்கும். டைல் துண்டு ஒன்றைச் சுவரில் பிடித்து அந்தக் கோட்டைச் சரிபார்த்துவிட்டுக் குழாயை மூடச் சொல்லுங்கள்.

குழாய் வேலையும் அழுத்தச் சோதனையும் முடிந்த பிறகு நீர்க்காப்புப் பூச்சு. சிமெண்டும் பாலிமர் திரவமும் கலந்து அடிக்கும் வகை போதும். இரண்டு கை, ஒன்று நெடுக்கில், மற்றது குறுக்கில். ஷவர் பக்கத்துச் சுவரில் 6 அல்லது 7 அடி உயரம் வரையிலும், மற்றச் சுவர்களில் தரையிலிருந்து ஓரடியாவதும் அடிக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத் துணி வைத்து அடிப்பது அவசியம். டைல் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அந்தப் பூச்சின் மேல் உளி வைத்துக் கொத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நீர்க்காப்பு செய்த பணம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் வீணாகிவிடும். பசைக்குக் கொத்தல் தேவையே இல்லை.

எந்தப் பசை என்பதில் மூட்டையின் விளம்பரத்தைப் பார்க்காமல் அதில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். ஐரோப்பிய முறைக் குறியீட்டில் உங்கள் வேலைக்கு உரியது சி2டிஇ (C2TE) என்பது. சி2 என்றால் சிமெண்ட் சார்ந்த பசை, சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டனுக்குக் குறையாத பிடிப்பு. சி1 வகையில் அது பாதிதான். டி என்றால் சுவரில் ஒட்டிய டைல் கீழே வழுக்காது. இ என்றால் சுவரில் தடவிய பிறகு அரை மணி நேரம் வரை டைல் ஒட்டத் தக்கதாக இருக்கும். இதோடு எஸ்1 (S1) என்றும் இருந்தால், காய்ந்த பசை உடையாமல் இரண்டரை மி.மீ.க்குக் குறையாமல் வளைந்து கொடுக்கும். ஏஏசி பிளாக் சுவர், மேற்கு வெயில் படும் சுவர், பழைய டைலின் மேல் புது டைல் ஆகிய மூன்றுக்கும் எஸ்1 இல்லாத பசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் நாட்டின் ஐ.எஸ். 15477 தர விதி பசைகளை எண் வரிசையில் வகைப்படுத்துகிறது. அந்தக் கணக்கில் மூன்றாம் வகைக்குக் குறையாமல் வாங்குங்கள்.

செலவுக் கணக்கைக் கடைக்காரர் சொல்வதை வைத்துப் போடாதீர்கள். 20 கிலோ மூட்டை ஒன்று 50 சதுர அடி வரும் என்று அவர் சொல்வது 3 மி.மீ. படுகைக்கு. பெரிய டைலுக்குச் சுவரிலும் டைலின் முதுகிலும் தடவ வேண்டும். படுகை 5 மி.மீ. ஆகும், சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ போகும். அப்படிப் பார்த்தால் ஒரு மூட்டைக்கு 28 சதுர அடி, அதாவது மூன்றரை டைல்தான். இந்தக் கணக்கை முன்பே போடாதவர்கள், வேலை பாதியில் இருக்கும்போது பசை தீர்ந்துவிடுமோ என்று மேஸ்திரியைச் சிக்கனமாகத் தடவச் சொல்வார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

டைல்ஸ் வந்ததும் எல்லாப் பெட்டிகளின் மேலும் உள்ள ஷேடு எண்ணும் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கி வையுங்கள். பெட்டிகளைப் படுக்கப் போடாமல் நீளவாக்கில் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். இரண்டு டைல்களை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்தால் நடுவில் அல்லது ஓரத்தில் மெல்லிய இடைவெளி தெரியும். நீளமான டைல்கள் எல்லாவற்றிலும் இந்த வளைவு கொஞ்சமாவது இருக்கும். அதனால் செங்கல் கட்டுவது போல் பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டக் கூடாது. ஒரு டைலின் மேடான நடுப்பகுதி பக்கத்து டைலின் தாழ்ந்த முனையோடு சேர்ந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு கோடும் படிக்கட்டாகத் தெரியும். நேர்க்கோட்டில் ஒட்டுங்கள், தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள்.

ஒட்டும் முன் ஒவ்வொரு சுவரையும் காகிதத்தில் வரைந்து, வெட்டுத் துண்டு எங்கே வருகிறது என்று முடிவு செய்ய வேண்டும். கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவரில் முழு டைல் வரட்டும். வெட்டுத் துண்டு கதவின் பின்புறம் போகட்டும். நான்கு விரல் அகலத்துக்கும் குறைவான துண்டு எங்கேயும் வரக் கூடாது. வருகிற மாதிரி இருந்தால் தொடக்கக் கோட்டை நகர்த்திவிடுங்கள். லேசர் மட்டம் வைத்து இரண்டாம் வரிசையின் அடிக்கோட்டைச் சுவர்கள் நான்கிலும் குறித்து, அந்தக் கோட்டில் அலுமினியச் சதுரக் குழாயைத் திருகி, அதன் மேல் டைலை உட்காரவைத்து மேல்நோக்கிப் போக வேண்டும். அடி வரிசையைத் தரை டைல் போட்ட பிறகு, தரைச் சரிவுக்கு ஏற்ப வெட்டி ஒட்டலாம். சுவிட்ச் பெட்டிக்காக எல் வடிவில் வெட்டும்போது, உள்மூலையில் முதலில் ஒரு சிறு துளை போட்டுவிட்டு அதுவரை வெட்டச் சொல்லுங்கள். நேராக வெட்டி மூலையைக் கூர்மையாக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சில சமயம் டைல் ஒட்டிப் பல மாதம் கழித்துக்கூட.

பசையைக் கலக்கும்போது மூட்டையில் சொன்ன அளவுத் தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றி, பிறகு பொடியைப் போட்டு, கலக்கி பொருத்திய டிரில்லால் மெதுவாகக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு முறை கலக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கெட்டியானதும் தண்ணீர் ஊற்றி இளக்கக் கூடாது. கெட்டியானதைக் கொட்டிவிட வேண்டும். சுவரைத் தூசி போகத் துடைத்து லேசாக ஈரமாக்குங்கள். தண்ணீர் வழியக் கூடாது. பசையை முதலில் கரண்டியின் தட்டையான பக்கத்தால் சுவரில் அழுத்தித் தேய்த்துவிட்டு, பிறகு 10 அல்லது 12 மி.மீ. பல் கரண்டியால் கோடுகளை இழுக்க வேண்டும். கோடுகள் எல்லாம் ஒரே திசையில், நேராக, டைலின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும். வில் வில்லாக இழுப்பது பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் வளைவுகளுக்குள் அடைபட்ட காற்று வெளியேற வழி இல்லாமல் அங்கே வெற்றிடம் தங்கிவிடும். நேர்க்கோடுகளாக இருந்தால், டைலை அழுத்தும்போது காற்று இரண்டு அடி தூரத்தில் பக்கவாட்டில் வெளியேறிவிடும்.

டைலின் முதுகில், துடைத்துக் காய்ந்த பிறகு, தட்டைக் கரண்டியால் ஒரு மி.மீ. அளவு பசையை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு டைலுக்கு ஆகும் இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைக்காத மேஸ்திரி கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பிறகு சக்‌ஷன் கப் இரண்டைப் பொருத்தி, இரண்டு பேர் தூக்கி, டைலைச் சுவரில் வைத்து, பசைக் கோடுகளுக்குக் குறுக்காக ஓர் அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்த வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டைலுக்கு உரிய இடத்துக்கு மட்டும் பசை தடவுங்கள். நம் ஊர்க் கோடையில், 38 டிகிரி வெயிலில், மூட்டையில் எழுதியிருக்கும் அரை மணி நேரத்தை நம்ப முடியாது. அனல் காற்றில் பத்து நிமிடத்தில் பசையின் மேல் ஏடு படிந்துவிடும். விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

முதல் டைலை ஒட்டிய உடனேயே அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சக்‌ஷன் கப்பால் இழுத்தால் பசை நூல் நூலாகப் பிரிந்து டைல் வெளியே வரும். அதன் முதுகு முழுவதும் ஈரப் பசை பரவியிருக்க வேண்டும். கோடுகள் அமுங்கி ஒன்றோடொன்று கலந்திருக்க வேண்டும். கோடுகள் கோடுகளாகவே நின்றிருந்தால் பல்லின் அளவு போதவில்லை அல்லது அழுத்தம் போதவில்லை. ஈரம் படாத இடத்தில் 80 சதவீதப் பரப்பு பிடித்தால் போதும் என்றும், குளியலறை போன்ற இடத்தில் 95 சதவீதம் வேண்டும் என்றும் தர விதிகள் சொல்கின்றன. மூலைகளும் ஓரங்களும் முழுமையாகப் பிடித்திருக்க வேண்டும் என்பதில் எந்த இடத்திலும் தளர்வு இல்லை.

மட்டக் கிளிப்புகளை, அதாவது டைல் இடைவெளியில் செருகி ஆப்பு வைத்து இறுக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு டைல்களின் ஓரத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அவை நல்ல உதவி. அடிக்கு ஒன்று வீதம் வைக்கலாம். சுவரின் கோணலை மறைக்க ஆப்பை இறுக்கி இறுக்கி டைலை முன்னால் இழுத்தால், டைல் பசையை விட்டுப் பிரிந்து பின்னால் பொக்கு உண்டாகும். மேலே பார்த்தால் கண்ணாடி போல் மட்டமாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கழித்து, டைல் இடைவெளியின் போக்கிலேயே தட்டி அவற்றை உடைத்தெடுக்கலாம்.

இடைவெளியே தெரியக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் விரும்புகிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். 4 அடி நீள டைல் 30 டிகிரி சூடேறினால் கால் மி.மீ. நீளும், அதற்குப் பின்னாலுள்ள சுவரோ காய்ந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். இடைவெளி இல்லாமல் முட்டி நிற்கும் டைல்கள் ஒன்றையொன்று தள்ளி, ஓரம் உதிர்ந்து, சில நேரம் இரண்டும் கூரை போல் கிளம்பிவிடும். 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து, டைலின் நிறத்துக்கு ஒத்த எபாக்சி கிரவுட் (இடைவெளியை அடைக்கும் ரெசின் கலவை) நிரப்பினால் நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது கோடு கண்ணில் படாது, கறையும் பிடிக்காது. பசை ஒட்டி ஒரு நாள் முழுதாகக் கழிந்த பிறகே கிரவுட். சுவரும் சுவரும் சேரும் உள்மூலையிலும், சுவரும் தரையும் சேரும் கோட்டிலும் கிரவுட் வேண்டாம். அந்த இடங்கள் அசையும் இடங்கள். பூஞ்சை பிடிக்காத, ரப்பர் போல் வளையும் சிலிக்கோன் நிரப்புங்கள்.

கிரவுட் போடுவதற்கு முன் டைல் முழுவதையும் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். நடுவில் உள்ளங்கை அளவில் எங்கேனும் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறினால் பயப்பட வேண்டாம். மூலையிலோ ஓரத்திலோ, துளை போட்டுக் குழாய் வெளியே வரும் இடத்திலோ பொக்குச் சத்தம் கேட்டால் அந்த டைலை அப்போதே எடுத்து மாற்றச் சொல்லுங்கள். கிரவுட் போட்ட பிறகு பக்கத்து டைலுக்குச் சேதம் இல்லாமல் எடுப்பது மிகவும் சிரமம். இதற்காகவே ஒவ்வொரு குளியலறைக்கும் இரண்டு டைல்களைக் கூடுதலாக வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முகப்புச் சுவரில் மாடி உயரத்துக்கு இதே டைலைப் பசையை மட்டும் நம்பி ஒட்டுவதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். குளியலறையில் ஒரு டைல் கழன்றால் அது சில அடி சறுக்கிக் கீழே வரும்; 20 அடி உயரத்திலிருந்து 15 கிலோ டைலின் விளிம்பு கீழே நிற்பவரின் தலையில் விழுந்தால் உயிர் போகும். மேற்குச் சுவர் பகலில் கொதித்து, மாலை மழையில் திடீரென்று குளிர்ந்து, பசை ஒவ்வொரு நாளும் இழுபடுகிறது. பூச்சுக்குள் மழைநீர் புகுந்தால் பசை நன்றாக இருந்தும் பூச்சே டைலோடு பெயர்ந்து வரும். அங்கே எஸ்1 பசையோடு, ஒவ்வொரு டைலையும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பால் பிடித்து, பூச்சைத் தாண்டிச் செங்கல் அல்லது கான்கிரீட்டுக்குள் ஆங்கர் இறக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வழி இல்லையென்றால், முகப்பில் டைலை ஆள் உயரத்தோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு மேல் வெளிப்புறப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.